இலவசமாகக் கிடைத்த முகம்

இலவசம் என்று எழுதியிருந்தால் நான் இரண்டு முறை யோசிக்கிற ஆள். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

விளம்பர போர்டு வடிவமைப்பது என் தொழில். குடிநோய் சிகிச்சை மையம் ஒன்று சாலை முனையில் வைக்கப் பெரிய போர்டு கேட்டது. "குடிச்சே அழிஞ்சுபோன முகமா வேணும். பாக்கறவன் வீட்டுக்குப் போயி பாட்டில உடைக்கணும்" என்றார் மேலாளர். புகைப்படம் விற்கிற இணையதளம் ஒன்றில் ஏழு நாள் இலவசச் சோதனை இருந்தது. சேர்ந்தேன். முதல் நாளே முகம் கிடைத்தது: தலையில் கைவைத்த தாடிக்காரன், முன்னால் ஒரு தம்ளர்.

வேறு ஒருவன் அப்படியே எடுத்துப் போட்டிருப்பான். நானோ கண்ணாடி மாட்டிக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தேன். அதை முழுசாகப் படித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கும். எழுதிய வக்கீலே பாதியில் தூங்கியிருப்பார். சாதாரண உரிமம் நோட்டீசுக்குத்தான் செல்லும். சாலையில் பெரிதாக வைக்க விரிவான உரிமம், அதற்குத் தனி விலை. ஒருவனைக் குடிகாரனாகக் காட்ட அவனுடைய தனிச் சம்மதம், அதற்கு இன்னொரு விலை. கூட்டிப் பார்த்தால் என் கூலியைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

ஆனாலும் திருட மனம் வரவில்லை. எங்கோ இருக்கிற தாடிக்காரன். அவனுக்கும் மாமனார் வீடு இருக்கும், மானம் இருக்கும். ஏழாம் நாள் சோதனைக் கணக்கை ரத்து செய்தேன். என் நேர்மைக்கு நானே ஒரு சலாம் போட்டுவிட்டு, என் கைபேசியைத் திறந்தேன்.

அதில் என் மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாங்கள் வீடு மாறிய அன்று பீரோவை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து, "உசிரே போச்சு மாமா" என்று மேசையில் சாய்ந்தவன். தூசியில் கண் சிவந்திருந்தது. முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். அவனுக்குத் தெரியாமல் எடுத்த படம். பின்னணியை இருட்டாக்கினேன், தண்ணீருக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தேன். மற்றதெல்லாம் அசல்.

அவனைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சொந்தக்காரனிடம் போய்ச் சம்மதக் கடிதம் நீட்டினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?

போர்டு ஏறிய மூன்றாம் நாள் மனைவி கேட்டாள். "ஏங்க, முக்குல ஒரு போர்டு வச்சிருக்காங்களே, அப்படியே என் தம்பி மாதிரியே இருக்கு."

"ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல" என்றேன். நம்பிவிட்டாள். என்னை நம்புவது அவளுடைய பழைய கெட்ட பழக்கம்.

மச்சினனும் வந்தான். "மாமா, எவனோ என் படத்தப் போட்டிருக்கான். நீங்க இந்தத் தொழில்லதான இருக்கீங்க, யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. பொழப்பு போயிடும்போல இருக்கு." விசாரிக்கிறேன் என்றேன்.

மறுநாள் பள்ளியின் தாளாளர் கூப்பிட்டார். "போர்டப் பாத்துட்டு பெத்தவங்க ஸ்கூல் கேட்டுல வந்து நிக்கிறாங்க. உங்க மச்சினன் குடிப்பாரா? வீட்டு மனுஷர் நீங்க, குடிக்கமாட்டார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சமாளிச்சுக்கறேன்."

ஒரு வார்த்தைதான். அவன் சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆனால் இல்லை என்றால் படம் எப்படி வந்தது என்று பேச்சு வளரும், மையம் என்னிடம் சம்மதக் கடிதம் கேட்கும். ஒரு பெருமூச்சு விட்டேன். "குடும்ப விஷயம் சார், நான் என்னத்தச் சொல்றது" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்று மாலையே வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேறு எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்கவில்லை. எட்டு மாதம் சும்மா இருந்த கையில் பாட்டில் வந்தது. "போர்டுல சும்மாவா போட்டான்?" என்றது ஊர். மனைவி அழுததால் நானே அவனைக் கூட்டிப்போய் அதே மையத்தில் சேர்த்தேன். வேண்டியவன் என்று எனக்காகச் சலுகையும் கொடுத்தார்கள்.

மேலாளருக்கு இப்போது அதே முகம் சிரிக்க வேண்டும், பழைய படத்துக்குப் பக்கத்தில், 'குணமான பிறகு' என்று. இந்த முறை நான் தவறு செய்யவில்லை. சம்மதக் கடிதத்தை முறையாக அடித்து எடுத்துக்கொண்டு வாராவாரம் அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன். கை நடுக்கத்தில் கையெழுத்துத்தான் விழவில்லை. "எனக்காக எவ்வளவு அலையறீங்க மாமா" என்று கண் கலங்கினான். எனக்கும் கலங்கியது.

அதற்குள் என் பழைய கைபேசியில் மனைவி அந்த அசல் படத்தை, நிறம் ஏறாத தண்ணீர்த் தம்ளரோடு, பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லையாம், குணமாகட்டும் என்று.

எல்லாம் நான் செய்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாடிக்காரனின் படத்தை நான் தொடவே இல்லை. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அடுத்தவன் முகத்துக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை நான்.