இரண்டாம் சுற்றுக் கேள்விகள்

றம்ஸியா: ...அதெல்லாம் போன வருஷமே சொல்லிட்டேனே மகள். தொண்ணூறுல எங்கள ஊர உட்டுத் தொரத்தி மன்னார்ல வள்ளம் ஏறினது, கற்பிட்டிக் கரையில எறங்கினது, தென்னந்தோட்டத்துல ஓலைக்குடில் போட்டது...

ஷஸ்னா: ஓம் மாமி. இது ரெண்டாம் சுற்று. இடம்பெயர்ந்த ஆக்கள் இப்ப எப்பிடி ஈக்கிறாங்க எண்டு பாக்க. கெம்பஸ்ல படிப்பிக்கிற சேர் சொல்லி அனுப்பின.

றம்ஸியா: அண்டைக்கு ஒரு வேன் நெறய வந்தீங்க. இண்டைக்குத் தனியவா?

ஷஸ்னா: என்ட ஊடு புத்தளம் டவுன்லதானே. பக்கம்.

றம்ஸியா: அண்டைக்கும் நீங்க வேன்ல வரல்ல. மோட்டர் சைக்கிள்ல ஒரு தம்பி கொண்டாந்து உட்டார். வெயில்ல நிக்கிறாரே எண்டு எங்கட மகள் றஹ்மாதான் பிளேன்டீ குடுத்தா.

ஷஸ்னா: அது... பக்கத்து ஊட்டு ஆள்.

றம்ஸியா: ம்ம். இருங்களேன், ஏன் நிண்டுகொண்டே...

ஷஸ்னா: கதிரை ஒண்டுதானே ஈக்கிது. அண்டைக்கு நாலு இருந்திச்சு.

றம்ஸியா: கால் ஆடுது எண்டு திருத்தக் குடுத்த.

ஷஸ்னா: அலுமாரி?

றம்ஸியா: அதுவும்.

ஷஸ்னா: அலுமாரிக்கும் கால் ஆடினதா மாமி?

றம்ஸியா: இது கேள்வித்தாள்ல உள்ள கேள்வியா மகள்?

ஷஸ்னா: இல்ல, சும்மா... சரி. புத்தளத்துல உங்களுக்கு நிம்மதியா?

றம்ஸியா: முப்பத்தஞ்சு வருஷம். புள்ளகள் பொறந்ததே இங்க. நாங்க வந்தண்டைக்கு இந்த ஊர் ஆக்கள் சோறு தந்த, உடுப்புத் தந்த. அத மறந்தா அல்லாஹ் மன்னிக்க மாட்டான். ஆனா இண்டைக்கும் றஹ்மா கடைக்குப் போனா, 'அகதி ஊட்டுப் புள்ள' தான். அவ மன்னார ஒழுங்காப் பாத்ததுமில்ல... ஏன் தலையக் குனியிறீங்க? நீங்களா சொன்ன?

ஷஸ்னா: எங்கட ஊட்டுலயும் சொல்ற மாமி.

றம்ஸியா: சொல்லட்டும். கேட்டுக் கேட்டு காது மரத்துப் போச்சு.

ஷஸ்னா: றஹ்மா எங்க?

றம்ஸியா: தையல் வகுப்புக்கு. பாலாவிக்கு.

ஷஸ்னா: அவவுக்குக் கலியாணம் பேசுறீங்களா?

றம்ஸியா: சேர் இதையும் கேக்கச் சொன்னாரா?

ஷஸ்னா: குடும்பத் தகவல்... கேக்கணும். உங்கட ஆக்கள்லயும் மாப்புளதான் பொண்ணுட ஊட்டுக்கு வாறதா?

றம்ஸியா: உங்கட ஆக்களப் போலத்தான். மாப்புள பொண்ணு ஊட்டோட.

ஷஸ்னா: ஊடு மன்னார்ல எண்டா?

றம்ஸியா: மன்னாருக்கு வருவார்.

ஷஸ்னா: அவங்கட ஊட்டுல அவர் ஒரே ஆம்புளப் புள்ள எண்டா? வாப்பாவும் மவுத்து, உம்மாவும் தங்கச்சியும் மட்டுந்தான் எண்டா?

றம்ஸியா: ...தண்ணி குடிங்க மகள்.

ஷஸ்னா: நீங்க திரும்பிப் போறீங்களா மாமி? அத மட்டும் சொல்லுங்க.

றம்ஸியா: எப்பிடிப் போகாம இருக்கிற? மன்னார்க் காணிய வேற ஆக்கள் புடிச்சிக்கொண்டு தரமாட்டம் எண்டு நிண்டாங்க. உங்கட கெம்பஸ் ஆக்கள்தானே வக்கீலக் கூட்டி வந்த. நீங்கதானே எங்கட இவரோட கச்சேரி ஆபீசுக்கு ஏறி எறங்கின, நோன்போட. அதாலதான் காணி திரும்பக் கெடச்ச. உங்களுக்கு துஆ கேக்காத நாள் இல்ல.

ஷஸ்னா: நான்தான்... நான்தான் செஞ்சேன்.

றம்ஸியா: நல்லதுதானே செஞ்ச. ஏன் அழுற?

ஷஸ்னா: அழல்ல. பதியிற நேரம்...

றம்ஸியா: எங்க பதியிறீங்க? அண்டைக்கு அந்த ஃபோன்ல செவப்பா ஒரு புள்ளி எரிஞ்சிச்சு. இண்டைக்கு நீங்க வந்ததுல இருந்து எரியவே இல்ல.

ஷஸ்னா: ஃபோன்ல சார்ஜ் இல்ல மாமி.

றம்ஸியா: சொல்லுங்க மகள். உங்கள சேர் அனுப்பல்ல.

ஷஸ்னா: இல்ல. அந்த மோட்டர் சைக்கிள் ஆள் பக்கத்து ஊட்டு ஆளில்ல. எங்கட நானா, என்ட கூடப் பொறந்தவர், ஹுனைஸ். பிளேன்டீ குடிச்சிட்டு வந்த நாள்ல இருந்து றஹ்மா, றஹ்மா எண்டுதான். உம்மா அகதி ஊட்டுல சம்பந்தம் வாணாம் எண்டு அவரோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்ல. உம்மாவ நான் எப்பிடியும் மாத்திடுவேன் மாமி. ஆனா நானாவையும் மன்னாருக்குக் கூட்டிப் போயிட்டீங்க எண்டா, உம்மா தாங்க மாட்டா. நீங்க இங்கயே இருப்பீங்களா எண்டு கேக்கத்தான்... நான் வந்தது நானாவுக்கும் தெரியாது. அவர் கொழும்புல. மேசன் வேலைக்குப் போனவர். ரெண்டு கிழமையா ஃபோன் அடிச்சாலும் சரியாக் கதைக்கிறாரில்ல.

றம்ஸியா: கூரைக்கு மேல நிண்டுகொண்டு எப்பிடிக் கதைக்கிற மகள்? அவர் கொழும்புல இல்ல. எங்கட அலுமாரியையும் கதிரையையும் லொறியில ஏத்திக்கொண்டு மன்னாருக்குப் போனதே அவர்தான். அங்க றஹ்மாட வாப்பாவோட நிண்டு எங்கட ஊட்டுக்குக் கூரை போடுறார். உம்மாட்டச் சொல்லாம வராதீங்க எண்டு நாங்க எவ்வளவோ சொன்ன. அதுக்கு அவர் சொல்றார், 'உம்மாவ தங்கச்சி பாத்துக்கொள்ளுவா. ஊர் உட்டு ஊர் போற ஆக்கள அவவ விட ஆருக்கு விளங்கும்' எண்டு.