ஒரு வேளைகூட விட்டதில்லை

மாத்திரை தேர்ந்தெடுப்பது சுலபமான வேலை இல்லை. நீங்கள் நினைப்பதுபோல கடைக்குப் போய்க் கையை நீட்டி வாங்கிவிட முடியாது.

என் மகளுக்கு எடை குறைய இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முட்டை அளவு வயிறுதான் மிச்சம். சாப்பாட்டிலிருந்து சத்து போதாது, ஆயுள் முழுக்க வைட்டமின் வேண்டும் என்று டாக்டர் ஒரு தாள் தந்தார்.

"நீயே பாத்து வாங்கும்மா. எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

எனக்கும் சுற்றியது. ஒன்றில் இரும்புச் சத்து இல்லை. இன்னொன்றில் இருக்கிறது, கூடவே கால்சியமும் அடைத்திருக்கிறார்கள். ஒன்று மற்றதை உடம்பில் ஒட்டவிடாது. பெரியது தொண்டையில் நிற்கும். சின்னது பிள்ளைகளுக்கானது. மருந்துக் கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதாம்மா, எதையாவது எடுங்க" என்றார்.

"ஒண்ணுன்னா எதுக்குத் தம்பி பதினாலு டப்பா அடுக்கி வச்சிருக்கீங்க?"

அவர் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் அலைந்தேன். முப்பது வருடம் அலுவலகக் கேன்டீனில் சமைத்தவள் நான். ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்து, மென்று சாப்பிடும் ஆரஞ்சு வகை ஒன்றை எடுத்தேன். கால்சியம் தனியாக, இரண்டு மணி நேரம் தள்ளி. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு ஒத்துக்கொண்டது. முடி கொட்டுவது நின்றது. மாடிப்படியில் ஓடி ஏறினாள். நான் ஆக்கி வைத்ததில் மூன்று ஸ்பூன் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். ஒருநாள், இன்னும் ஒரு வாய் என்றேன். டப்பாவைக் கிலுகிலுவென ஆட்டிக் காட்டினாள்.

"சாப்பாடெல்லாம் சும்மா ஒப்புக்குத்தாம்மா. என்னைக் காப்பாத்துறது இதுதான். உன் சமையலுக்கு ரிட்டையர்மெண்ட்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மிட்டாய் வாங்கினேன். அதைத் தேர்ந்தெடுக்க அரை மணிகூட ஆகவில்லை. அதே நிறம், அதே வட்டம். புளிப்பு மட்டும் ஒரு சிட்டிகை குறைவு. மாத்திரையைக் கொட்டிவிட்டு அதே டப்பாவில் நிரப்பினேன். கால்சியத்தை நான் தொடவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"இப்ப வர்றது நல்லாருக்கும்மா" என்றாள். நான் கொடுத்த ஒன்றை அவள் நன்றாயிருக்கிறது என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு அவள் வேலை அதிகம் என்று போகவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

சில மாதத்தில், முதலில் பாதம் மரத்தது. பிறகு செருப்பு கழன்று போனாலும் தெரியவில்லை. வேலைக்குப் போவது நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் பெயர் மறந்தது. கை நடுங்கி ஸ்பூன் நிற்காதபோது நான் ஊட்டினேன். ஏழு ஸ்பூன் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு வேளைகூட விட்டதில்லை என்றேன்.

முந்தாநாள் வார்டு நர்ஸ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, மிட்டாய்" என்று கட்டிலருகிலேயே சொன்னார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரிந்தே செய்தீர்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரிந்துதான். மாத்திரையை விட்டால் கால் மரக்கும், நடை போகும், நினைவு தப்பும் என்று டாக்டர் தந்த தாளிலேயே போட்டிருந்தது. வரி விடாமல் படித்தேன். படிக்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இனி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். சரி, நான் இருக்கிறேன்.

நேற்று ஸ்பூனை நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நர்ஸ் ஊட்டினால் மட்டும் வாங்கிக்கொள்கிறாளாம். குழந்தையிலும் இப்படித்தான் அடம் பிடிப்பாள். நான் அடித்ததில்லை, திட்டியதில்லை. தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

அந்த நர்ஸிடம் சொல்லி வையுங்கள், நடுவில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று. பசித்தால் வாயைத் திறப்பாள்.