பெரிய தூக்கு நெறைய சீம்பால்

…உக்காரதுக்கெல்லாம் நேரமில்ல டீச்சர், வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிருதேன். அந்த மாட்டு டாக்டர் சிவசண்முகம் இருக்காருல்லா… மனுசனா அவரு? என் தொழுவத்துல நின்னுக்கிட்டு என்னையவே, "ஏம்மா சுடலைவடிவு, ஒனக்கு அறிவு இருக்கா"ன்னு கேக்காரு! முப்பது வருசமா மாடு வளக்கேன். இவரு பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே ஈத்துப் பாத்தவ நான்!

காலைல ஆறு மணிக்குக் கன்னு போட்டுச்சு. கெடேரிக் கன்னு டீச்சர்! மூணு ஈத்தா காளைக் கன்னாவே போட்டுட்டு இருந்த மாடு, நான் அம்மனுக்கு நேந்து… சரி, அது கெடக்கட்டும். இப்ப மணி பதினொண்ணு ஆவுது, கன்னு இன்னும் எந்திக்கல. காது சில்லுன்னு இருக்கு. வாய்க்குள்ள வெரல வச்சா சப்பவே மாட்டேங்கு.

கண்ணு பட்டுட்டுன்னு சொன்னேன். டாக்டரு சிரிக்காரு. ரத்தத்துல சக்கரை இல்லியாம்! பொறந்த கன்னு உடம்புல கொழுப்பே அவ்வளவா கெடையாதாம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பாலு போயிருக்கணுமாம், அப்பத்தான் சூடு பிடிக்குமாம். பாலு போனாத்தான் சக்கரை ஏறுமாம், சக்கரை ஏறுனாத்தான் அது உடம்பே இன்சுலின் சொரக்குமாம். அதுபோக சீம்பாலுக்குள்ளயே என்னமோ ஹார்மோனு இருக்காம், அது கொடலுக்குப் போயி, "ஏட்டி முழி, வேலை வந்துட்டு"ன்னு எழுப்புமாம். இன்சுலினாம்! எங்க வீட்டுக்காரருக்கு நெதம் ஊசி போடுதேன், எனக்குத் தெரியாத இன்சுலினா?

அவரு கதையக் கேளுங்க. கருப்பட்டி போட்டு அவிச்ச சீம்பால ரெண்டு தட்டு தின்னுட்டு, தல சுத்துதுன்னு கட்டுல்ல கெடக்காரு. இவருக்குச் சீம்பாலத் தின்னு சக்கரை ஏறிட்டு, அதுக்குச் சீம்பாலு இல்லாம எறங்கிட்டு. நான் எங்கன போயி நிக்க?

என்ன அப்படிப் பாக்கிய? கன்னுக்கு ஏன் குடுக்கலன்னா? அது… நஞ்சுக்கொடி விழாம கன்ன மடியில விடக்கூடாதும்பாவ. எங்க மாமியா வீட்டு வழக்கம். அது விழ ஒம்பது மணி ஆயிட்டு. மடி கனத்துப்போயி மாடு கத்துது. சரி, கறந்துருவோம்னு உக்காந்தேன். மஞ்சளா, கட்டியா, ஐயோ… மனசு கேக்கல டீச்சர். வடிவு வீட்டு மாடு கெடேரி போட்டுருக்குன்னு தெருவுக்குத் தெரியாண்டாமா? நாந்தான் ஒட்டக் கறந்து, சொம்பு சொம்பா வீடு வீடா ஊத்திக் குடுத்தேன். கன்னுக்கு அடுத்த கறவையில குடுத்துக்கலாம்னு இருந்துட்டேன்.

அடுத்த பாலுல இதுல பாதி சத்துகூட இருக்காதாமே! "எங்கனயாவது மொதப் பாலு ரெண்டு லிட்டர் கொண்டா, குழாய் போட்டு விட்டுருதேன், பிந்திட்டு, ஆனாலும் காப்பாத்திரலாம்"னு டாக்டரு கன்னுக்குச் சாக்கப் போத்திட்டு உக்காந்துருக்காரு. நான் சொம்பத் தூக்கிட்டு, குடுத்ததத் திருப்பிக் கேட்டு வீடு வீடா அலையுதேன். மானமே போச்சு. அலிமா பீவி அக்கா ஏலக்கா போட்டு அவிச்சிட்டாவ. தேவமணி வீட்டுல தட்டையே கழுவிட்டாவ. நீங்கதான் கடைசி வீடு. புதுசா குடி வந்தவியன்னு ஒங்களுக்குத்தான் பெரிய தூக்கு நெறைய குடுத்தேன்.

நீங்க வாங்கும்போதே மூக்கச் சுளிச்சிய. நான் பாத்தேன். பட்டணத்துக்காரி, இவளுக்குச் சீம்பாலு அருமை என்ன தெரியும்னு தெரு முழுக்கச் சொல்லியும் வச்சேன், பொய் சொல்லப்பிடாது…

என்னது? அவிக்கலியா? வீச்சம் அடிச்சுதா? கொட்டவும் மனசில்லாம பிரிட்ஜுல… மூடியே தொறக்கலியா!

கொண்டாங்க டீச்சர், கொண்டாங்க! அம்மா… ஒரு சொட்டு கொறையலியே. நல்லா இருப்பிய! சுடுதண்ணிக்குள்ள வச்சு எடுத்தாப் போதும். ஒங்களுக்குச் சீம்பாலு புடிக்காமப் போனதுக்கு நான் அம்மனுக்குத் தேங்கா ஒடைக்கேன்!

நீங்க ஏன் செருப்பு போடுதிய? கூட வாறியளா? வாங்க, வாங்க. பைய நடங்க, தூக்கு சிந்திரப்பிடாது. ஆனா டீச்சர்… டாக்டரு கேட்டா, கன்னுக்குன்னு நாந்தான் ஒங்ககிட்டப் பத்திரமா குடுத்து வச்சிருந்தேன்னு சொல்லணும், சரியா?