உப்பில்லாமல் சமைத்த வீடு

“ஒரு கிளாஸ் கிணத்துத் தண்ணி தாங்க மாமி” என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். விலை பேசப் போகும் வீட்டில் தண்ணீர் கேட்கவே கூடாது என்று உம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார். விற்கிறவர்கள் தாமாகக் கொண்டுவந்து தருவார்கள். வாங்குகிறவர் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்வார். எங்கள் பக்கம் வீட்டின் விலை சுவரிலும் கூரையிலும் இல்லை, கிணற்றில்தான். தராத தண்ணீரைக் கேட்பது, உங்கள் கிணறு செத்துப்போனது எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்வது.

மர்ளியா மாமி தராமல்தான் நின்றார். அதனால் கேட்டேன்.

மாமியின் கணவர் உசனார் மாமா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் இப்போது எல்லாரும் விசாரிக்கிறீர்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பிட்டியில் அவர்கள் வீட்டின் பின்வளவில் ஓர் அறையும் குசினியும் எங்களுக்கு வாடகை. கிணறு பொது. உம்மா கருவாடு போட்டு விற்று என்னைக் கெம்பஸுக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த கையோடு, மகன் அம்ஜத்துக்காக அவருடைய உம்மா என்னைப் பெண் பார்க்க வந்தார். வட்டிலப்பத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“புள்ள படிச்சீக்கிது, நல்லம். ஊடு யார்ட பேர்ல?”

எங்களூரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடில்லாத பெண்ணின் பட்டத்தை எங்கே மாட்டுவது? கொஞ்ச நாளில் அதே மனுசி அதே வாயோடு முன்வீட்டுக்குப் போனார். மாமியின் மகள் ஸஃப்னாவுக்கு எழுதிக்கொடுக்க அந்த வீடு இருந்தது. கலியாணம் பேசி முடிந்தது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. பொறாமை என்று நினைக்காதீர்கள். அழுகின மீனில் கை பட்டால் வருமே, அதுதான். ஒரு பெண்ணை ஓடும் சுவருமாக எடைபோடும் இந்த வழக்கத்தை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

ஆகவே வீட்டை முதலீடாகப் பார்க்கப் பழகினேன். யூடியூபில் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். முதல் வீட்டைத் தெரிந்த ஊரில் வாங்கு, வாடகைக்கு ஆள் வருமா என்று பார், விற்றே ஆகவேண்டியவரிடம் போ. நுரைச்சோலை மின் நிலையத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். என் சம்பளத்துக்கு வங்கி கடன் தரும். முன்வீடு எல்லாவற்றுக்கும் பொருந்தியது. விற்கிற தேவைதான் அவர்களுக்கு இருக்கவில்லை.

கருவாட்டு உப்பு எங்கள் குசினியில் எப்போதும் மூட்டையாகக் கிடக்கும். விடியமுன் கிணற்றடிக்குக் குளிக்கப் போகும்போது வாளியில் அள்ளிக்கொண்டு போவேன். அவசரப்படவில்லை. முதலில் அவர்கள் வீட்டுத் தேத்தண்ணீர் கரித்தது. பிறகு வாசல் செவ்வரத்தைச் செடி கருகியது. இங்கே கிணறு கரித்தால் கடல் வந்துவிட்டது என்பார்கள், அழுவார்கள், விற்பார்கள். கடலை யாரும் விசாரிப்பதில்லை. நான் நிறுத்தினால் மாரி மழையில் தண்ணீர் திரும்பிவிடும் என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

உம்மாவுக்கும் எனக்கும் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கினேன்.

“கெம்பஸ் முடிச்சாக்களுக்குக் கிணத்துத் தண்ணி எறங்காதோ?” என்று மாமி பகிடி பண்ணினார்.

உசனார் மாமாவுக்குப் பிரஷர். டொக்டர் சொல்லி, மாமி வருடக்கணக்காக உப்பில்லாமல்தான் சமைத்தார். எனக்கு அது தெரியும். பெருநாளைக்கு அவர்கள் அனுப்பும் புரியாணியில் நாங்கள் உப்புத் தூவித்தான் சாப்பிடுவோம். கால் வீங்கிய பிறகும், சொந்தக் கிணறு இருக்கக் காசுக்குத் தண்ணீர் வாங்குவதா என்று அவர் அதையே குடித்தார். அது அவருடைய முடிவு. நான் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

செத்த கிணறுள்ள வீட்டைச் சீதனமாக யாரும் ஏற்க மாட்டார்கள். அதை விற்று வேறிடத்தில் ஒன்று வாங்கினால்தான் ஸஃப்னாவின் கலியாணம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாமி கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“கடல் வந்துட்டு மகள்” என்றார் உசனார் மாமா. “கடலோட யார் போய் வழக்குப் பேசுற?”

வீணாக்கக் கூடாதென்று மிச்சத்தை எடுத்துக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பாதி விலை சொன்னேன்.

மாமி என் கையைப் பிடித்தார். “இந்தக் காசுக்கு வேற ஊடு எடுக்க ஏலா மகள். ஸஃப்னாட கலியாணம் நிண்டுடும். நீங்க எங்கட கையில வளந்த புள்ள.”

“மனசு பார்த்து ஊடு வாங்க ஏலா மாமி.”

உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் நாள் ஏற்கெனவே எடுத்திருந்தேன். எழுந்து வெளியே வந்தேன். கதவு மறைவில் ஸஃப்னா நின்றதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். பின்வளவில் உம்மா மீன் விரித்துக்கொண்டிருந்தார்.

“அம்ஜத்ட உம்மாக்கு ஒரு கோல் எடுங்க உம்மா” என்றேன். “ஊடு இனி என்ட பேர்ல எண்டு சொல்லுங்க.”