வாயைத் திறக்காத மானசா

…ஏமாத்திட்டாங்கறேன்! பின்னே என்ன? பொருத்தம் பாத்து எடுத்த பொண்ணு, வந்த எடத்துல ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறான்னா… இரு, இந்தக் கூடையை மடியில வெச்சுக்கறேன். பயப்படாதேம்மா, உள்ளே கவர்ல தண்ணிதான். தண்ணிக்குள்ளே மீன். ஐயய்ய, மூக்கைப் பிடிக்காதே! சாப்பிடற மீன் இல்லைடீ… நாங்களாவது… சே சே! வளக்கற மீன். நீ ஃபோன்ல அம்மாகிட்ட தமிழ்ல பேசிண்டிருந்தியே, அதைக் கேட்டுத்தான் இந்த லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஓடி வந்து பக்கத்துல உக்காந்தேன். எங்கே இறங்கணும்? நெருளா? பேஷ்! நானும் நெருள்தான். பேச ஆளில்லாம செம்பூர்லேந்தே வாய் நமநமங்கறது.

என்ன சொல்லிண்டிருந்தேன்? ஆங், பொருத்தம். வாலாம்பாள் மாமின்னா மாதுங்கா கோவில் வாசல்ல யாரை வேணா கேட்டுப் பாரு. நான் முடிச்சு வெச்ச கல்யாணம் ஒண்ணாவது பிச்சுண்டிருக்கா? இல்லை! அப்படியாப்பட்டவளை ஒரு மீன் கடைக்காரி… அரே, தள்ளாதேங்கோ பெஹன்ஜீ, பானி ஹை, பானி!

எங்காத்துக்காரர் ரிடையர் ஆனதுலேந்து வாயே திறக்கறதில்லை. நானே பேசி நானே பதில் சொல்லிக்கணும். ஒரு நாள் திடீர்னு, ‘வாலா, மீன் தொட்டி வெக்கலாமா’ன்னார். மனுஷர் ஒண்ணு கேட்டுட்டாரேன்னு சோபாவைத் தூக்கி பாகீரதிக்குக் குடுத்துட்டேன். என் தங்கை. அவாத்துக்குத்தான் இப்போ போறேன். சோபா இருந்த சுவர் முழுக்கத் தொட்டி! உள்ளே யாரை விடறதுங்கறதை நான் பாத்துக்கறேன்னேன். சம்பந்தம் பேசறது யார் வேலை?

குர்லால சஃப்ரீன்னு ஒரு பொண்ணு கடை வெச்சிருக்கா. ஆப்ரிக்கா மீன் எடுங்கோ ஆன்ட்டி, கலர் அள்ளிண்டு போகும்னா. எடுத்த எடுப்புல கேட்டுட்டேன், என்ன சாப்பிடும்? பாறையில இருக்கற பாசியாம்! மாமிசம் குடுத்தா வயிறு வீங்கிப் போயிடுமாம்! எனக்குக் கண்ணுல ஜலமே வந்துடுத்து. ஆப்ரிக்காலேந்து வந்த மீனுக்கு இப்படி ஒரு ஆசாரமா! இன்னும் கேளு. மலாவின்னு ஒரு ஏரி, டங்கனிகான்னு ஒரு ஏரி. இந்த ஏரிக்காராளை அந்த ஏரிக்காராளோட கலக்கப்படாது. ஒரே ஜாடையில, ஒரே கலர்ல ரெண்டு ஆம்பிளையை ஒரே தொட்டியில விடப்படாது, வெட்டிண்டு சாகும். சரிதானே? நாங்க சகோத்திரம் கூடாதுங்கறோமே, அந்த மாதிரி! நான் சொல்லச் சொல்ல அவ சிரிக்கறா, அவ சொல்லச் சொல்ல நான் சிரிக்கறேன். நம்ம பம்பாய்த் தண்ணி அவாளுக்கு ஒத்துக்காதாம், சிப்பித் தூளைத் துணியில முடிஞ்சு ஃபில்டர்ல போடணுமாம். போட்டாச்சு!

எல்லாம் சுபமா போயிண்டிருந்தது. கடைசியில கவரைக் கட்டறச்சே சொன்னா பாரு… கிட்ட வா… ‘ஆன்ட்டி, ஏக் நர், சார் மாதா.’ ஒரு ஆம்பிளைக்கு நாலு பொண்டாட்டியாம்! சிவ சிவா! இவர் பக்கத்துல நின்னுண்டு தலையை ஆட்டறார். நான் கவரை வாங்கிண்டேன். ஆத்துக்கு வந்தேன். இவர் மத்தியானம் அசந்து தூங்கின சமயமா பாத்து, ஜோடிக்கு ஒருத்தியை மட்டும் வெச்சுண்டு, மத்தவாளைக் கவரோட ஆட்டோவுல தூக்கிண்டு போய் சஃப்ரீன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்! பணமா? பணம் யாருக்கு வேணும்? மானம் முக்கியமில்லையா? இவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. கடைக்காரி கொறைச்சுக் குடுத்துட்டான்னு நெனச்சுண்டிருக்கார், பாவம்.

ஜோடிக்கு ஒரு கல்வீடு கட்டினோம். ஒன் பி.ஹெச்.கே மாதிரி. தண்ணி, வெளிச்சம், ப்ரைவசி, எல்லாம் உண்டு. செம்பூர்ல மனுஷாளுக்குக் கெடைக்குமா? மயில் கழுத்து நீலத்துல ஒருத்தன், நகுல்னு பேர் வெச்சேன். அவனுக்கு இவ, மானசா. மாம்பழக் கலர். எப்பேர்ப்பட்ட ஜோடி! கண்ணேறு பட்டுடுத்துன்னு நெனைக்கறேன். நாலு நாளைக்கு அடக்கமா இருந்தான் படுபாவி. அப்புறம் ஃப்ளாட் கட்டற பில்டராட்டம் எல்லா வீட்டையும் வளைச்சுப் போட்டுண்டான். இவளையோ… துரத்தல்னா அப்படி ஒரு துரத்தல்! ஒரு நிமிஷம் நின்னு மூச்சு விட விடறதில்லை. கல்லையெல்லாம் மாத்தி அடுக்கினா யார் வீடு எதுன்னு மறந்துடும்னா சஃப்ரீன். இவர் பனியனோட தொட்டிக்குள்ளே கையை விட்டு, மொத்தமா ரீடெவலப்மென்ட் பண்ணினார். மத்தவாள்ளாம் அடங்கிட்டா. நகுல் அடங்கலை!

இப்போ இந்தப் பொண்ணு ஃபில்டர் பின்னாடியே ஒளிஞ்சுண்டிருக்கா. தீனி போட்டா பக்கத்துல வரா, பாக்கறா, வாயை இறுக்கி மூடிண்டு திரும்பிப் போயிடறா. வ்ரதமா, கோபமா, ஒண்ணும் புரியலை. முன்னெல்லாம் இவர் காபியோட தொட்டி முன்னாடி உக்காந்தா கண்ணாடிகிட்ட ஓடி வந்தவ இவ ஒருத்திதான். அவளோடதான் இவர் பேசவே ஆரம்பிச்சார், தெரியுமா? பேப்பர்ல வந்தது, மழை வருமா, எல்லாம் அவகிட்டதான். நேத்திக்கு என்கிட்ட, ‘இந்தப் பொண்ணு போயிட்டா தொட்டியை எடுத்துடலாம் வாலா’ன்னார். காபி ஆறிண்டே இருக்கு, தொடலை. திரும்பவும் அந்த மௌனமா? என்னால ஆகாதுடீம்மா. நான் கல்லோட பேசவா? அதான் பாகீரதியாத்துல ஒரு சின்னத் தொட்டி சும்மா கெடக்கு, நாலு நாள் இருந்து ஒடம்பைத் தேத்திக்கட்டும்னு தூக்கிண்டு வந்துட்டேன்…

என்ன? எங்கே பாக்கறே? மானசா தாடையையா? ஆமாம், வீங்கித்தான் இருக்கு. அவன் முட்டின முட்டு அப்படி. என்னது, ஃபோன்ல தேடறியா? எனக்குக் கண்ணாடி இல்லை, நீயே சொல்லு. வாய்க்குள்ளே… வாய்க்குள்ளே என்ன? முட்டையா! வாய்க்குள்ளயேவா? குஞ்சு பொரியற வரைக்கும் வாரக்கணக்கா பட்டினியா? அடி என் தங்கமே! பிள்ளைத்தாச்சிப் பொண்ணையா நான் கூட்டத்துல இடிபட அழைச்சுண்டு போறேன்! இன்னும் என்ன போட்டிருக்கு? மிரண்டா… துப்பிடுவாளா? ஐயய்யோ! யாரும் அசையப்படாது! வாஷி ஸ்டேஷன் வரப்போறது, கூட்டம் அடிச்சுண்டு ஏறுமே! ஓ பெஹன்ஜீ! ப்ரெக்னென்ட் ஹை! நான் இல்லை, நான் இல்லை, மச்சலீ! ஸரா ஜகஹ் தோ!

அட, நீ ஏன்மா எழுந்துக்கறே? மீனுக்கா எடம் குடுக்கறே? நன்னா இருப்பே! ஒன்னை மாதிரி ஒரு மாட்டுப்பொண்ணு… இரு, இவளை மெதுவா வெச்சுக்கறேன். ஆச்சு. கீழே என்ன சொல்லியிருக்கு, படி. ஒரே ஒரு பொண்ணை விட்டா… ஆம்பிளை துரத்தியே கொன்னுடுமா? நாலஞ்சு பேர் இருந்தா துரத்தல் ஆளாளுக்குப் பங்காயிடுமா?

ம்.

அதுக்காகத்தான் சொன்னாளா சஃப்ரீன்? நான் என்னமோ… சரி, விடு. ஃபோனைப் போடறேன். ஹலோ, ஏன்னா! நீங்க தாத்தா ஆகப்போறேள்! நம்ம பிள்ளை ஷ்ரவணுக்கு இல்லை, நம்ம மானசாவுக்கு! வாய் கொள்ளாம முட்டை! அதான் சாப்பிடலை! இன்னொண்ணும் சொல்லிடறேன், கத்தப்படாது. அன்னிக்கு சஃப்ரீன் கணக்கா ஆம்பிளைக்கு நாலு பேரைத்தான் குடுத்தா. நான்தான் மத்தவாளைத் திருப்பிக் குடுத்துட்டேன். எதுக்கா? அப்படி ஒரு குடித்தனம் நம்மாத்துல வேண்டாம்னுதான்… ஹலோ? இருக்கேளா? என்ன சத்தம் அது? இருமறேளா? சிரிக்கறேளா! ஈச்வரா, எத்தனை நாளாச்சு! சிரியுங்கோ, சிரியுங்கோ, நன்னா சிரிச்சுண்டே குர்லாவுக்குக் கிளம்புங்கோ! நகுலோட அந்த மூணு பேரும் அங்கேயே இருக்காளான்னு பாருங்கோ. ஆமாம், மூணு பேரையும்தான்! வாலாம்பாள் சொல்லித்தான் வந்தேன்னு சொல்லுங்கோ!

கேட்டியாடீ கொழந்தே, மனுஷர் சிரிக்கறார்! ஒருத்தனுக்கே நாலு கல்யாணம் பண்ணி வெக்க நானே கிளம்பிட்டேன், மாதுங்காவுல மூச்சு விட்டுடாதே! ஆமாம், ஒனக்கு வயசென்ன? என்ன நக்ஷத்ரம்? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன்… ஏய், எங்கே போறே? நெருள்னுதானே சொன்னே? இது ஜுயிநகர்டீ! ஏய்! பேரைக்கூடச் சொல்லலையே…

போயிட்டா.

நல்ல பொண்ணு. போகட்டும். மானசா, குளுகுளுன்னு இருக்கா? இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். நீ எழுந்து ஓடமாட்டே. வாரக்கணக்கா வாயையும் திறக்கமாட்டே. எங்காத்துக்காரர் சும்மாவா ஒன்கிட்ட பேச ஆரம்பிச்சார்! கேளு, இந்தப் பாகீரதி இருக்காளே, அவ கல்யாணத்துல என்ன ஆச்சு தெரியுமா…