மீன்கண் இருந்த கல்

"இது என் கீத்தோட கல்லு இல்ல. மஞ்சளா குடுத்தேன், பச்சையா தர்றான். நீங்களே பாருங்க, நீங்களே சொல்லுங்க."

"நோலீன், கல்லு அதேதான். அந்த நிறம் உள்ள இருந்தது. நான் வெளிய கொண்டு வந்தேன். அவ்வளவுதான்."

"ஆமா, கோழியக் குடுத்தா வாத்தாக்கித் தருவே. உள்ள வாத்து இருந்துச்சும்பே. செத்தவன் கல்லுலயே கை வச்சிட்டியே லாயோஷ், உனக்கு உறுத்தல?"

நான் அப்போது படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விரிப்பு காய்வதற்கு நல்ல காற்று. நாலாவது கிளிப்பைப் போடுவதற்குள் வேலியருகே வந்துவிட்டேன். என்னை எட்டிப் பார்க்கிறவள் என்று இந்த ஊரில் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்கு நீங்கள் குடிவந்த வாரத்திலேயே கேட்டிருப்பீர்கள். சத்தம் தானாக வந்து காதில் விழுந்தால் நான் என்ன செய்வது?

அந்தச் சண்டை நடந்தது இப்போது நீங்கள் சைக்கிள் வைத்திருக்கிற கொட்டகையில்தான். அப்போது அது லாயோஷின் பட்டறை. ஹங்கேரியிலிருந்து வந்தவர். குயின்ஸ்லாந்தின் இந்தச் செம்மண்ணில் கல் தோண்டத்தான் வந்தார். பிறகு தோண்டுவதை விட்டுவிட்டுப் பட்டை தீட்டுவதில் உட்கார்ந்துவிட்டார். கேட்டவர் கேட்ட உருவத்தில் தீட்டிக் கொடுப்பார். ஒருத்திக்கு ஃபெர்ன் இலை, ஒருவனுக்கு அவன் லாரியின் விளக்கு. கையாலேயே சாணைத்தட்டைச் சுற்றி, ஒவ்வொரு பட்டையாக. எங்கள் டாம்லின் ஊரில் பட்டை தீட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி நான்.

நோலீனின் புருஷன் கீத்தின் கல்லை ஊரே பார்த்திருந்தது. அவன் அதைத் தோண்டி எடுத்த அன்று பப்பில் ஆளாளுக்குக் கையில் கொடுத்து, பீர்க் கோப்பைக்குள் போட்டுக் காட்டினான். பாதாம் பருப்பளவு சஃபையர். தேன் மஞ்சள், ஒரு நுனியில் மட்டும் மை தொட்டதுபோல நீலம். பிறகு என்னிடமும் லாயோஷிடமும் கொண்டுவந்தான், லென்ஸ் எங்களிடம்தானே இருக்கிறது. உள்ளே ஓர் ஓரத்தில் கரும்புள்ளி, அதைச் சுற்றி வெள்ளி வளையம். மீன் கண் மாதிரி. "கிளென், அது என்னையே பாக்குது" என்று சிரித்தான். கிளெனிஸ் என்ற என் பெயரை ஊரில் அப்படித்தான் சுருக்குவார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். நோலீன் கல்லை, ரொட்டியில் தடவுகிற வெஜிமைட்டின் காலி பாட்டிலில் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். துக்கம் ஆறியதும் அதை மோதிரமாக்க வேண்டும் என்று லாயோஷிடம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மஞ்சள் பாதியில் ஒரு விரிசல் இருந்தது. அதைத் தவிர்க்க லாயோஷ் கல்லைத் திருப்பிப் பிடித்து, நீல நுனியை அடியில் வைத்துத் தீட்டினார். அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் கல் முழுக்கப் பரவித் தெரியும். தரையில் நீலப் பாய் விரித்தால் வெள்ளைச் சுவரும் நீலமடிக்கிறதல்லவா, அந்த மாதிரி. மஞ்சளும் நீலமும் கலந்து கல் கடல்பச்சையாக எழுந்து வந்துவிட்டது. அற்புதமான கல். நோலீனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல் அழகாக வந்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள் என்று அந்த மனுஷர் நினைத்தார். பட்டை தீட்டுகிறவர்களுக்கு வருகிற புத்தி அது.

பப் வைத்திருந்த ட்ரெவரும் சத்தம் கேட்டு வந்திருந்தான். லாயோஷ் கல்லைத் திருப்பி, "பக்கவாட்டுல இருந்து பாருங்க, மஞ்சள் இருக்கு" என்றார்.

"இந்த ஊர்ல பாதிக் கல்லு பக்கவாட்டுல பாத்தா மஞ்சள்தான் லாயோஷ்" என்றான் ட்ரெவர். "அத வச்சு என்ன சொல்ல முடியும்?"

"அப்ப கண்ணு இருக்கு. உள்ள மீன் கண்ணு. நான் அத அழிக்கல, ஓரமா ஒரு பட்டைக்குக் கீழ விட்டிருக்கேன். கீத்துக்கு அது பிடிக்கும். கிளெனிஸுக்குத் தெரியும். அவங்க பாத்தவங்க. கேளுங்க."

எல்லோரும் திரும்பி வேலியைப் பார்த்தார்கள்.

நான் போனேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லென்ஸை வாங்கினேன். கல்லைத் திருப்பினேன். ஓரத்தில், ஒரு பட்டைக்குக் கீழே, அந்தக் கண் என்னைப் பார்த்தது.

"வெளிச்சம் சரியில்லையே" என்றேன்.

உச்சி வெயில். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தகரக் கூரையில் முட்டை பொரிக்கலாம். ஆனால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம்.

"கேட்டீங்கல்ல?" என்றாள் நோலீன். "அவளுக்கே தெரியல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில், நோலீன் பாவம், அவளை எல்லோர் முன்னாலும் முட்டாளாக்க வேண்டாம் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொண்டேன். பிறகு, நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று சொல்லிக்கொண்டேன். நடந்தது என்னவென்றால், அன்று சாயங்காலம் ட்ரெவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். என் வீட்டுக்கு ஆள் வருவது அவர்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால்தான். அந்த மாதம் என் கெட்டில் அடுப்பை விட்டு இறங்கவில்லை. பூசணி ஸ்கோன் ரொட்டி சுட்டுச் சுட்டு மாவு போதவில்லை. "உனக்கு என்ன தோணுது கிளென், மாத்திட்டானா?" என்பார்கள். "நான் யாரப் பத்தியும் தப்பாப் பேச மாட்டேன்" என்று சொல்லி ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவுவேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பட்டை தீட்டுகிறவனைக் கல்லை மாற்றிவிட்டான் என்று நோலீனைத் தவிர யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கல்லைக் கொடுத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியையும் கொண்டுபோய்ப் பட்டறையில் போட்டு, முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். டீ கூடக் கொண்டுபோவார்கள். ஒருவர் பட்டறையில் அந்த நாற்காலி விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். லாயோஷின் பட்டறையில் விழுந்த முதல் நாற்காலி பச்சைக் கோடு போட்டது. என் முன்கூடத்திலிருந்து இரவல் வாங்கிப்போனார்கள். கேட்டார்கள், கொடுத்தேன்.

பிறகு நாற்காலியோடு வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

ஒரு நாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"கிளெனிஸ், நீங்க கண்ணப் பாத்தீங்க."

"உள்ள வாங்க, ஸ்கோன் சூடா இருக்கு."

"நான் உங்க முகத்தப் பாத்தேன். நீங்க பாத்தீங்க. ஒரு தடவ சொல்லுங்க, போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தப் பேரு மட்டும்தான் இருக்கு எங்கிட்ட."

"சனிக்கிழமை கல்லு சங்கம் கூடுதில்ல, அங்க எல்லார் முன்னாடியும் லென்ஸ் வச்சுப் பாத்துரலாம். முறையா இருக்கும்."

அவர் முகம் எப்படித் தெளிந்தது என்று நான் மறக்க முயன்றிருக்கிறேன். "முறையா" என்று என் சொல்லையே திருப்பிச் சொன்னார். ஒரு ஸ்கோனையும் எடுத்துக்கொண்டு போனார்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். வியாழக்கிழமை நோலீன் அந்தக் கல்லைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"கிளென், யார் கல்லோ, எனக்கு இப்ப இதுதான் மிச்சம். பாக்கவே பிடிக்கல. இத மாத்தி வாட்டில் பூவா ஆக்கித் தாயேன். கீத் முதல்ல எனக்குக் குடுத்தது வாட்டில் பூதான்."

என்னிடம் கொடுத்தாள். கடைசியில் என்னிடம்தான் கொடுத்தாள்.

வாட்டில் நிஜத்தில் மஞ்சள் பஞ்சுப் பந்து மாதிரிப் பூ, ஆனால் கல்லில் இதழ் காட்டினால்தான் பூவென்று தெரியும், அதனால் விளிம்பு நேராக இருக்காது. ஓரத்தை வளைவு வளைவாகக் குடைந்தால்தான் இதழ் விழும். குச்சியில் அரக்கு வைத்து ஒட்டுவதற்கு முன், கல்லை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விதமாக வைக்கலாம். ஒரு விதத்தில் மீன்கண் ஓர் இதழுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு விதத்தில் குடைவு அதன்மேலேயே வரும். பூவுக்கு இரண்டும் ஒன்றுதான். அடக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்கிறேன், நான் தீட்டியதிலேயே அதுதான் மிக அழகான கல். சாணை கழுவிய தண்ணீரை வழக்கம்போல ஜெரேனியம் செடிக்கு ஊற்றினேன். கண் அதில்தான் போனது.

சனிக்கிழமை லாயோஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். எழுந்து நின்று, "ஓரத்துல மீன் கண்ணு இருக்கும். இருந்தா அது கீத்தோட கல்லு. இல்லன்னா நான் திருடன்" என்றார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். கல் என் சாணைக்குப் போய் வந்தது அவருக்கு இன்னும் தெரியாது. நோலீன் பூவைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதுதான் தெரிந்தது. லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போனது. யாரும் எதையும் காணவில்லை.

"கிளென், நீ மறுபடி தீட்டுறப்ப அப்படி ஏதாவது பாத்தியா?" என்றான் ட்ரெவர்.

"இருந்திருந்தா பாத்திருப்பேனே" என்றேன்.

லாயோஷ் கடைசியாகக் கல்லை வாங்கினார். லென்ஸை வைத்து ஒவ்வொரு இதழாகப் பார்த்தார். ஒரு குடைவின் அடியில் அவர் பார்வை நின்றது, நகரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நல்ல மெருகு" என்றார். கல்லை நோலீன் கையில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனார்.

தீட்ட வேலை இல்லாததால் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய குழியில் மறுபடி இறங்க ஆரம்பித்தார். மேலே நின்று ராட்டினம் சுற்ற யாரும் வரவில்லை, தனியாகத்தான். தனியாக இறங்குகிறவன் தொப்பியை ராட்டினக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும்போது தொப்பி இன்னும் தொங்கினால், பார்க்கிறவர் போய்க் குழிக்குள் குரல் கொடுக்க வேண்டும். எத்தனை பகை இருந்தாலும் அதைச் செய்வார்கள்.

அன்று பொழுது சாய்ந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொப்பி தொங்கியது.

போயிருப்பேன். குரல் கொடுத்தால் அவர் ஏறி வருவார். ஏறி வந்தால் நாங்கள் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டும். என்ன பேசுவது? அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாராவது பார்ப்பார்கள் என்று திரையை இழுத்துவிட்டேன். அந்தக் குழி வேறு யார் வீட்டிலிருந்தும் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

காலையில் திரையை விலக்கினேன். தொப்பிமேல் பனி படிந்திருந்தது. இப்போது போனால், நேற்றே ஏன் வரவில்லை என்பார்கள். திரையை மறுபடி இழுத்தேன். அதற்கடுத்த நாள் ரொட்டி வண்டிக்காரன்தான் பார்த்துக் கத்தினான். ஓடியவர்களில் நானும் ஒருத்தி. கயிறு கொண்டுபோனதே நான்தான்.

ஏணிப்படி முறிந்திருந்தது. கால்தான் உடைந்திருந்தது, வேறு பெரிய காயமில்லை. முதல் நாள் இரவு முழுவதும் உயிர் இருந்திருக்கும், ஒருவேளை மறுநாளும் என்று ராக்ஹாம்டனிலிருந்து வந்த டாக்டர் சொன்னார். குரல் ஏதாவது கேட்டதா என்று போலீஸ்காரர் கேட்டார். ரேடியோ வைத்திருந்தேன் என்றேன். வைத்திருந்தேன். வழக்கத்தைவிடச் சத்தமாக.

சாவு வீட்டுக்குத் தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக் செய்துகொண்டு போனேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நோலீன் மறு வருஷம் அந்த ரொட்டி வண்டிக்காரனையே கட்டிக்கொண்டு யெப்பூன் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். வாட்டில் பூ மோதிரத்தைக் கழற்றுவதே இல்லையாம், பார்க்கிறவர்கள் எல்லாம் யார் தீட்டியது என்று கேட்கிறார்களாம். ட்ரெவர் பப்பை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போனான். லாயோஷின் வீடு பூட்டியே கிடந்தது. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்குத் தோண்டிப் பார்க்க ஆசை என்று கேள்விப்பட்டேன், புது ஏணி வந்து இறங்கியதையும் பார்த்தேன்.

தனியாக இறங்கினால் தொப்பியை மறக்காமல் ராட்டினத்தில் மாட்டச் சொல்லுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. என் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.