சீர்த்தட்டில் முட்டி மாத்திரை

"டப்பாவுக்குள்ள இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படிச்சு நீ என்னம்மா பண்ணப்போற?" என்று மருந்துக்கடைக்காரர் ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எழுத்து என்று இருந்தால் விடமாட்டேன்.

நேற்று தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே மீன்கூடையோடு இரண்டு பெண்கள்.

பச்சைப் புடவைக்காரி சொன்னாள்: "சீர்த்தட்டுல லட்டோட என் முட்டி மாத்திரையையும் சம்பந்திக்கு வெச்சுக் குட்த்தேன்க்கா."

"டாக்டர் உனக்கு எழுதினதுடி அது!" என்றார் மூத்தவர்.

"அதனால இன்னா? கிளினிக்ல அந்த மாத்திரை போஸ்டர்ல ஒரு பெருசு சிரிச்சிகினே படி ஏறுது. வயித்துக்குப் பூ மாதிரின்னு போட்டுகீது."

"ஏறுது, சரி. எறங்கின படம் போட்டானா?"

ஆட்டோவே சிரித்தது.

"சம்பந்தி இன்னா சொல்லுது?" என்று மூத்தவரே கேட்டார்.

"முட்டி வலி போச்சாம். வயிறுதான் எரியுதாம். காலைல வெளிக்குக் கருப்பா போச்சாம்."

மூத்தவர் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள ரத்தம் கசியுதுடி. எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒடனே நிறுத்தச் சொல்லு."

"சீர் குட்த்துட்டு வாணாம்னு சொன்னா மரியாதையாக்கா?"

"மரியாதை பாத்தா சம்பந்தியே இருக்காது."

பச்சைப் புடவைக்காரி போனை எடுத்தாள். "சம்பந்தி, லட்ட நீங்களே வெச்சுக்குங்க. மாத்திரைய மட்டும் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, நான் நேரா அங்க வந்துகினே கீறேன்."

என் அம்மா போடுவதும் முட்டி மாத்திரைதான். ரத்தக்கசிவு வரலாம் என்று அதன் பொடி எழுத்திலும் இருக்கிறது. அட்டையைக் கைப்பையில் எடுத்து வைத்து, இன்று மாலைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன்.